8 டாலரும் ஒரு கிட்டாரும்: இந்திய மேடைக் கலைஞர்களின் கருவித் தேர்வு குறித்து

மேடையில் வாசித்துப் பிழைக்கும் ஒரு கிட்டார் கலைஞர் எந்தக் கருவியைத் தேர்ந்தெடுக்கிறார், எப்போது அதைவிட மேலான ஒன்றுக்கு மாறுகிறார் என்ற கேள்விக்கு மேற்கத்திய இசை வரலாறுகள் பெரும்பாலும் ரசனையையும் வருமானத்தையும் கொண்டு விடை சொல்லிவிடுகின்றன. 1952இல் கிப்சனின் லெஸ் பால் வந்தது. 1954இல் ஃபெண்டரின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வந்தது. இவ்விரண்டில் ஒருவர் எதைக் கையில் எடுத்தார் என்பதே அவருடைய இசை ஆளுமையின் பகுதியாக எழுதப்படுகிறது. இந்தியாவில் 1950 தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்கு இந்த அளவுகோலை அப்படியே வைத்துப் பார்க்க இயலாது. கடையில் கருவியே இல்லாத இடத்தில் தேர்வு என்ற சொல்லுக்குப் பொருள் வேறு. இறக்குமதி உரிமம், அந்நியச் செலாவணி ஒதுக்கீடு, ஊர் மின்கம்பியில் ஓடிய மின்னழுத்தம், பேட்டைக்கு ஒருவராக இருந்த வானொலி மெக்கானிக் ஆகியவற்றுக்கு அக்கால இந்தியக் கலைஞரின் ஒலியில் அவரது காதுக்கு இணையான பங்கு இருந்தது. இவற்றுள் மெக்கானிக்கைப் பற்றி எழுதப்பட்டதுதான் மிகக் குறைவு.

முதலில் சட்டம். 1947ஆம் ஆண்டிலேயே இறக்குமதியையும் ஏற்றுமதியையும் கட்டுப்படுத்தும் சட்டமும், அந்நியச் செலாவணியை ஒழுங்குபடுத்தும் சட்டமும் இயற்றப்பட்டன. இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் செலாவணிக் கையிருப்பு வேகமாகக் கரைந்தபின் பிடி மேலும் இறுகியது. இயந்திரமும் உரமும் தானியமும் முன்னுரிமை பெற்ற பட்டியலில் நுகர்பொருள்களுக்கு இடமில்லை. இசைக்கருவியோ நுகர்பொருள்களுக்குள்ளும் ஆடம்பரமாகக் கருதப்பட்டது. 1966 ஜூன் 6 அன்று ரூபாயின் மதிப்பு டாலருக்கு 4.76 என்பதிலிருந்து 7.50 ஆகக் குறைக்கப்பட்டது. அதாவது, அயல்நாட்டுக் கருவி ஒன்றின் ரூபாய் விலை ஒரே நாளில் பாதிக்கும் மேல் ஏறிவிட்டது. அந்த ஆண்டுகளில் வெளிநாடு செல்லும் சாதாரணப் பயணி தன்னுடன் எடுத்துச் செல்ல அனுமதிக்கப்பட்ட தொகை 8 டாலர். ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒன்றின் விலை அப்போது 200 டாலருக்கும் மேல்.

எனவே நல்ல கருவி நாட்டுக்குள் வரச் சில வழிகளே இருந்தன: இங்கிலாந்துக்கோ ஆஸ்திரேலியாவுக்கோ குடியேறிவிட்ட உறவினர், கப்பல் மாலுமி, விமானப் பணியாளர், தூதரகத்தில் வேலை செய்பவர், சுற்றுப்பயணம் முடிந்து திரும்பும்போது சுமையைக் குறைத்துக்கொள்ள விரும்பிய வெளிநாட்டு இசைக்குழு. பம்பாயின் கோவா, பார்சிக் குடும்பங்களும் கல்கத்தாவின் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களும் மேற்கத்திய மெல்லிசையில் முன்னணியில் இருந்ததற்கு மொழியையும் தேவாலயப் பாடல் மரபையும் காரணம் காட்டுவது வழக்கம். அவை உண்மைதான். ஆயினும் கடல் கடந்த உறவு என்ற காரணத்தையும் அவற்றுடன் சேர்த்து எண்ண வேண்டும். கிட்டார் வைத்திருந்தவர் குழுவை அமைத்தார். ஆம்ப்ளிஃபையர் வைத்திருந்தவர் வீட்டில் ஒத்திகை நடந்தது. திறமையில் சமமான இருவருள் எவருக்கு வேலை கிடைத்தது என்பதைச் சுங்கத் துறை மறைமுகமாக முடிவு செய்தது.

இந்தியாவில் மின்கிட்டாரின் கதை ராக் இசையோடு தொடங்கவில்லை. மடியில் கிடத்தி, இரும்புத் துண்டால் தந்தியை வழுக்கி வாசிக்கும் ஹவாயன் கிட்டாரே இங்கு முதலில் வேரூன்றியது. ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த டாவ் மோ 1940களில் கல்கத்தாவில் தங்கி வாசித்தார்; கற்றுக்கொடுத்தார். அவருக்குப் பின் அந்நகரத்தில் ஹவாயன் கிட்டார் நடுத்தர வர்க்கத்து வீட்டுக் கருவியாகவே ஆனது. சுஜித் நாத், காஜி அனிருத்தா, பட்டுக் நந்தி, சுனில் கங்குலி முதலியோர் அதில் ரவீந்திர சங்கீதத்தையும் திரைப்பாடலையும் வாசித்தனர். பம்பாயில் வான் ஷிப்லியும் ஹஜாரா சிங்கும் அதன் மின்வடிவத்தைத் திரையிசைக்குள் கொண்டுவந்தனர். கமகங்களுக்கு வழுக்கல் ஒலி இசைவது இந்த வரவேற்புக்குக் காரணம் என்பர். அதற்கு இணையான காரணம் ஒன்று தச்சுப்பட்டறையில் இருக்கிறது. நின்று வாசிக்கும் ஸ்பானிய வகைக் கிட்டாரின் ஃபிரெட்டுகள் ஒவ்வொன்றும் மயிரிழை பிசகாமல் பதிக்கப்பட வேண்டும். அதன் கழுத்து வளையக் கூடாது. தந்தி விரற்பலகைக்கு நெருக்கமாக ஓட வேண்டும். ஹவாயன் கிட்டாருக்கு இவற்றில் எதுவும் கட்டாயமன்று. உறுதியான ஒரு பலகை, உயர்ந்து நிற்கும் ஆறு தந்திகள், ஒரு பிக்கப் இருந்தால் போதும். இறக்குமதி இல்லாத நாட்டில் உள்ளூர்க் கைவினைஞரால் குறையின்றிச் செய்யக்கூடிய மின்கிட்டார் அதுவே.

ஸ்பானிய வகைக் கிட்டார்களையும் கல்கத்தாவே செய்தது. லால்பஜார், ரவீந்திர சரணிப் பகுதிகளின் கருவிக் கடைகளிலிருந்து நாடெங்கும் சென்ற கிட்டார்களில் கிப்டோன், கிவ்சன் போன்ற பெயர்கள் இருந்தன. எந்த அமெரிக்கப் பெயரின் நிழலில் அவை சூட்டப்பட்டன என்பதைச் சொல்லத் தேவையில்லை. பல தலைமுறை மாணவர்கள் விரல் காய்த்தது இவற்றில்தான். தந்தி விரற்பலகையிலிருந்து உயர்ந்து நிற்கும். பருவமழைக் காலத்தில் மரம் ஈரம் குடித்து இன்னும் உயரும். மேடைக் கலைஞர் இத்தகைய கருவியை வாங்கியபின் செய்த முதல் வேலை அதைத் திருத்துவது. பாலத்தின் எலும்பைத் தேய்த்துத் தந்தியைத் தாழ்த்துவது, ஃபிரெட்டுகளை அரத்தால் சமப்படுத்துவது, திருகாணிகளை மாற்றுவது, பழைய தந்திகளைக் கொதிநீரில் போட்டு எடுத்து மீண்டும் கட்டுவது என இவ்வேலைகள் நீண்டன. இன்று மேம்படுத்தல் என்ற சொல் ஒன்றை விற்று இன்னொன்றை வாங்குவதைக் குறிக்கிறது. அன்று அது கையில் இருப்பதையே திருத்துவதைக் குறித்தது.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மெல்லிய தாமிரக் கம்பியைப் பல ஆயிரம் முறை சுற்றிய சுருள், அவ்வளவே. மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் சுருள் சுற்றிப் பழகிய கைக்கு அது அந்நியமான வேலை அன்று. கிட்டாரைப் போலவே ஆம்ப்ளிஃபையரும் இதே கைகளுக்குத்தான் வந்து சேர்ந்தது. இங்கே சிறிது நின்று பார்க்க வேண்டும்.

பீட்டில்ஸ் காலத்து ஒலியோடு இணைத்துப் பேசப்படும் வாக்ஸ் ஏசி30 ஆம்ப்ளிஃபையரின் இறுதிக்கட்டத்தில் இருப்பவை நான்கு இஎல்84 வால்வுகள். அதே இஎல்84 அக்கால மேசை வானொலிகளில் புழங்கிய சாதாரண வால்வு; பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனம் அதை இந்தியாவிலேயே தயாரித்தது. ஆக, லண்டன் மேடையில் முழங்கிய ஆம்ப்ளிஃபையரின் இதயம் இந்திய வானொலிக் கடையின் இழுப்பறையில் கிடந்தது. ஃபஸ் ஃபேஸ் என்ற பெயரில் 1966இல் வெளிவந்து, ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் பெயரோடு ஒட்டிக்கொண்ட சிதைவொலிப் பெட்டியின் உள்ளே இருந்தவை இரண்டு ஜெர்மானியம் டிரான்சிஸ்டர்களும் விரல்விட்டு எண்ணக்கூடிய சில உதிரிகளும். கையடக்க வானொலியைப் பழுது பார்ப்பவருக்கு அவ்வகை டிரான்சிஸ்டர் நன்கு தெரிந்த பொருள். பம்பாயின் லாமிங்டன் சாலை, கல்கத்தாவின் சாந்தினி, சென்னையின் ரிச்சி தெரு ஆகிய உதிரிபாகச் சந்தைகள் இக்காலத்து இசை வரலாற்றின் முகவரிகள் என்று சொன்னால் அது மிகையாகாது. ஒலிப்பதிவுக் கூடங்களின் பெயர்களை மனப்பாடமாகச் சொல்லும் ஆய்வுகள் இச்சந்தைகளைக் கடந்து போய்விடுகின்றன.

உள்ளூரில் கட்டிய ஆம்ப்ளிஃபையர் கிடைக்காதபோது அடுத்த புகலிடம் பொது அறிவிப்புக்கான ஆம்ப்ளிஃபையர். டெல்லியின் அஹுஜா நிறுவனத்தின் பெட்டிகள் கல்யாணத்துக்கும் அரசியல் கூட்டத்துக்கும் கோயில் திருவிழாவுக்கும் சென்றன. அவற்றிலேயே கிட்டாரும் செருகப்பட்டது. பேச்சுக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டும் என்பதே அப்பெட்டியின் இலக்கணம். கிட்டார் ஆம்ப்ளிஃபையரோ ஒலியைச் சற்றுக் கெடுத்துச் சுவையூட்டுவதற்காகச் செய்யப்படுவது. தெளிவுக்காகச் செய்த பெட்டியை அதன் எல்லைக்கு அப்பால் முடுக்கினால் எழும் வறண்ட, கூர்மையான சிதைவொலி, வால்வு ஆம்ப்ளிஃபையரின் உருண்ட சிதைவொலியிலிருந்து வேறுபட்டது. இம்பீரியல் டொபாக்கோ நிறுவனத்தின் ஆதரவில் நடந்த சிம்லா பீட் போட்டியின் 1970, 1971 ஆண்டு இசைத்தட்டுகளைக் கேட்பவர்கள் ஷில்லாங்கின் ஃபெண்டோன்ஸ் தொடங்கிப் பல ஊர்க் குழுக்களின் ஒலியில் உள்ள ஒரு கரடுமுரடைக் கவனிப்பர். வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் பின்னாளில் அதைக் கீழைத்தேய மயக்கமாகப் புகழ்ந்தனர். அதில் எவ்வளவு அழகியல், எவ்வளவு மின்சுற்று என்று பிரித்துப் பார்ப்பது இன்னும் செய்யப்பட வேண்டிய வேலை.

1972இல் லெட் செப்பலின் ஜிம்மி பேஜும் ராபர்ட் பிளாண்டும் பம்பாய் வந்தபோது ஸ்லிப் டிஸ்க் என்ற நடனக் கூடத்தில் உள்ளூர் இசைஞர்களுடன் சேர்ந்து, அங்கிருந்த கருவிகளிலேயே வாசித்தனர். இந்நிகழ்வு ஒரு பெருமைக் கதையாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. கருவிகளின் பக்கம் நின்று பார்த்தால் அதன் சுவை வேறு: உலகின் எந்தக் கருவியையும் வாங்க முடிந்த ஒரு கலைஞர், எதையும் வாங்க முடியாத கலைஞர்களின் ஆம்ப்ளிஃபையரில் ஓர் இரவு வாசித்துப் பார்த்தார்.

மின்சாரத்தைத் தனியே சொல்ல வேண்டும். அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த ஆம்ப்ளிஃபையர் 110 முதல் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கானது. இந்திய மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றி இல்லாமல் செருகினால் கருவி புகைந்துபோகும். மின்மாற்றி இருந்தாலும் அலைவெண் மாறாது என்பதால் உள்ளிருக்கும் சுருள்கள் கூடுதலாகச் சூடேறும். (ஹேமண்ட் ஆர்கன் வாசித்தவர்களின் பாடு இதைவிட மோசம்: அதன் சுருதியே மின்சாரத்தின் அலைவெண்ணைப் பொறுத்தது என்பதால், அமெரிக்க ஹேமண்ட் இங்கே ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கி ஒலிக்கும்.) ஊர்ப்புறக் கல்லூரி விழாவில் விளக்குகள் எல்லாம் எரியும்போது மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கும் கீழே இறங்கினால் வால்வு ஆம்ப்ளிஃபையரின் குரல் மங்கிவிடும். ஆகவே இந்திய மேடைக் கலைஞரின் கருவிப் பட்டியலில் மேற்கத்தியப் பட்டியல்கள் அறியாத உறுப்பினர் ஒன்று இருந்தது: ஸ்டெபிலைசர். கல்கத்தாவின் 1970களின் மின்வெட்டுகளோ எந்த ஸ்டெபிலைசருக்கும் கட்டுப்படாதவை.

பம்பாய்த் திரையிசைக் கூடங்களில் நிலைமை சற்று வேறு. அங்கே பணம் இருந்தது. புதிய ஒலிக்கான பசியும் இருந்தது. 1954இல் வெளிவந்த ‘நாகின்’ படத்தின் மகுடி ஒலி கிளாவியோலின் என்ற மின்கருவியில் கல்யாண்ஜி வாசித்தது. எவரிடமும் இல்லாத கருவியை வைத்திருப்பவருக்கு வேலை தேடி வரும் என்பதைக் கூடத்து இசைஞர்கள் அப்போதே கண்டுகொண்டனர். ராகுல் தேவ் பர்மனின் குழுவில் பூபிந்தர் சிங், பானு குப்தா, ரமேஷ் ஐயர் ஆகியோரின் கிட்டார்கள் தனித்தனி அடையாளம் பெற்றன. கிட்டாரிலும் மின்கருவிகளிலும் கைதேர்ந்த சரண்ஜித் சிங், சிங்கப்பூரில் ரோலண்ட் நிறுவனத்தின் புதிய கருவிகளை வாங்கி வந்து, 1982இல் பத்து ராகங்களை நடனத் தாளத்தில் பதிவு செய்தார். அந்த இசைத்தட்டு விற்பனையாகவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் சிகாகோவின் ஆசிட் ஹவுஸ் இசைக்கு முன்னோடியாக அது கொண்டாடப்பட்டபோது, அதன் ஆசிரியரின் மேதைமையைப் பற்றி நிறையப் பேசப்பட்டது. சிங்கப்பூர் சென்றுவர முடிந்த ஒரு தொழில்முறை இசைஞரின் பொருளியலைப் பற்றி அவ்வளவு பேசப்படவில்லை.

கருவிகள் உள்ளே வர இயலாத அதே காலத்தில் கிட்டாரின் ஓர் உறுப்பு இந்தியாவிலிருந்து தாராளமாக வெளியே சென்றுகொண்டிருந்தது. அமெரிக்கக் கிட்டார் நிறுவனங்கள் அதுவரை பெரிதும் நம்பியிருந்தது பிரேசில் நாட்டு ரோஸ்வுட். அந்நாடு மரத்தை முழுக் கட்டைகளாக ஏற்றுமதி செய்வதைத் தடுத்தபின், 1969இல் மார்ட்டின் நிறுவனம் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. தமிழில் தோதகத்தி என்றும் ஈட்டி என்றும் வழங்கப்படும், மேற்குத் தொடர்ச்சி மலைகளில் வளரும் மரம் அது. 1970களில் வாங்கப்பட்ட மார்ட்டின் டி-28 ஒன்றின் முதுகும் பக்கங்களும் அந்த மரம். அமெரிக்காவில் செய்த எண்ணற்ற மின்கிட்டார்களின் விரற்பலகையும் அதுவே. நீலகிரியின் மரத்தைத் தொட்டு வாசிக்க ஒரு பெங்களூர்க் கலைஞருக்கு வெளிநாட்டு உறவினர் தேவைப்பட்டார். அந்நியச் செலாவணியை ஈட்டித் தந்த மரத்துக்கும் அதைச் செலவிட அனுமதிக்கப்படாத கலைஞருக்கும் இடையிலான இந்த இடைவெளியை வணிக வரலாற்று மாணவர்கள் எவரேனும் எடுத்து ஆராயலாம்.

மரத்தின் கதை பின்னும் தொடர்ந்தது. தமிழ்நாடு 1994இல் ரோஸ்வுட் மரங்களைப் பாதுகாக்கத் தனிச்சட்டமே இயற்றியது. 2011 ஆகஸ்டில் அமெரிக்க அதிகாரிகள் கிப்சன் நிறுவனத்தின் ஆலைகளைச் சோதனையிட்டபோது கைப்பற்றியவற்றுள் இந்திய ரோஸ்வுட்டும் கருங்காலியும் இருந்தன. விரற்பலகைக்காக அறுத்த துண்டு இந்திய ஏற்றுமதி விதிப்படி முடிவுற்ற பொருளா, வெறும் அறுத்த மரமா என்பதே வழக்கின் ஒரு முடிச்சு. (2012இல் 3,00,000 டாலர் அபராதத்துடன் எட்டப்பட்ட உடன்பாட்டில் கிப்சன் ஒப்புக்கொண்ட தவறு மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது.) 2017 ஜனவரி 2 முதல் ரோஸ்வுட் பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. பல நிறுவனங்கள் மாற்று மரங்களைத் தேடின. முடிவுற்ற இசைக்கருவிகளுக்கு 2019 நவம்பரில்தான் விலக்கு நடைமுறைக்கு வந்தது.

1991 ஜூலையின் பொருளாதாரச் சீர்திருத்தம் மேடைக் கலைஞரின் கையை உடனே எட்டியதாகக் கொள்வது பிழை. ரூபாய் மீண்டும் மதிப்பிறங்கியது. நுகர்பொருள்கள் மீதான அளவுக் கட்டுப்பாடுகளோ அந்தப் பத்தாண்டு முழுவதும் நீடித்தன. உலக வணிக அமைப்பில் அமெரிக்கா தொடுத்த வழக்கில் இந்தியா தோற்றபின், 2000 ஏப்ரலில் 714 பொருள்கள் மீதும் 2001 ஏப்ரல் 1 அன்று எஞ்சிய 715 பொருள்கள் மீதும் இருந்த கட்டுப்பாடுகள் நீக்கப்பட்டன. பம்பாயின் தோபி தலாவில் 1865 முதல் இருந்துவரும் ஃபர்டாடோஸ் போன்ற பழைய கடைகளின் கண்ணாடிப் பேழைகளில் சீனாவிலும் இந்தோனேசியாவிலும் செய்த ஸ்குவையர், எபிஃபோன், இபானெஸ் கிட்டார்கள் வரிசையாகத் தொங்கத் தொடங்கின. சாதாரணக் கல்லூரி மாணவர் நான்கு கிட்டார்களை அடுத்தடுத்து வாசித்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுப்பது பரவலானது இதன் பின்னரே.

ஆனால் அதற்குள் தேர்வின் களமும் இடம் மாறிக்கொண்டிருந்தது. மும்பையில் 2006இல் ஹார்ட் ராக் கஃபே, 2007இல் ப்ளூ ஃப்ராக், புனேயில் 2010இல் என்எச்7 வீக்கெண்டர் விழா எனத் தொழில்முறை ஒலியமைப்புள்ள மேடைகள் உருவாயின. ஆம்ப்ளிஃபையரும் டிரம்ஸும் மேடைக்காரரின் பொறுப்பாயின; கலைஞர் கிட்டாரையும் காலடிப் பெடல்களையும் மட்டும் கொண்டுவந்தால் போதும் என்றானது. பெரும்பாலான உள்நாட்டு விமானப் பயணங்களில் அனுமதிக்கப்படும் பெட்டியின் எடை 15 கிலோ. ஏசி30 ஒன்று மட்டுமே 30 கிலோவைத் தொடும். 2006இல் வந்த ஆக்ஸ்-எஃப்எக்ஸ், 2011இல் வந்த கெம்ப்பர் போன்ற, பல ஆம்ப்ளிஃபையர்களின் ஒலியைக் கணினியால் போலச்செய்யும் பெட்டிகள் தொழில்முறைக் கலைஞர்களிடம் பரவியதற்கு ஒலியின் தரத்தைவிட இந்த எண்களே வலுவான காரணம். வாடகை ஆம்ப்ளிஃபையர் எந்நிலையில் இருக்கும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய முடியாது. தன் ஒலியைத் தன் பையிலேயே வைத்திருப்பது தொழில் பாதுகாப்பு. எனவே பணம் சேர்ந்தவர் புதிய கிட்டாருக்கு முன்பு இத்தகைய பெட்டியை வாங்குவதில் நியாயம் உண்டு.

வானொலி மெக்கானிக்கின் தொழிலோ இதே ஆண்டுகளில் தேய்ந்தது. மேற்பரப்பில் ஒட்டப்பட்ட நுண்ணிய உதிரிகள் கொண்ட பலகையை அவருடைய சால்டரிங் கோலால் தொட முடியாது. பழுதானால் பலகையையே மாற்ற வேண்டும். ஆயினும் அந்தக் கைத்திறன் முற்றாக அற்றுவிடவில்லை. மும்பையின் அனிமல் ஃபேக்டரி ஆம்ப்ளிஃபிகேஷன் தன் சிதைவொலிப் பெடல்களை இங்கே கட்டி வெளிநாட்டுக் கலைஞர்களுக்கும் விற்கிறது. ஆரோவில்லில் எரிசா நியோகி கையால் செய்யும் கிட்டார்களுக்கென்றே கலைஞர்கள் காத்திருக்கின்றனர். மடியில் கிடத்தும் கிட்டாரில் தந்திகளைக் கூட்டி ராக இசைக்கு ஏற்றவாறு மாற்றியமைத்த பிரிஜ் பூஷண் காப்ரா, விஸ்வ மோகன் பட் ஆகியோரின் பட்டறை மரபையும் இவ்வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

இந்திய ராக் இசையைப் பற்றி இதுவரை வந்துள்ள நூல்களும் ஆவணப்படங்களும் பாடகர், கிட்டார் கலைஞர், விழா அமைப்பாளர், பத்திரிகையாளர் ஆகியோரின் நினைவுகளைத் திரட்டித் தந்துள்ளன. லாமிங்டன் சாலையிலும் சாந்தினியிலும் ஆம்ப்ளிஃபையர் கட்டிக் கொடுத்தவர்களுள் இன்றும் கடையைத் திறந்து உட்கார்ந்திருப்பவர்களுக்கு எழுபது, எண்பது வயதாகிறது. அவர்கள் கட்டிய பெட்டிகள் சில பழைய குழுவினரின் வீட்டுப் பரணில் இன்னும் கிடக்கின்றன. பின்பலகையின் நான்கு திருகாணிகளைக் கழற்றினால் எந்த வானொலியிலிருந்து மின்மாற்றி எடுக்கப்பட்டது, எந்த வால்வு எங்கே செருகப்பட்டது, பின்னர் எது எதற்காக மாற்றப்பட்டது என்பவை அங்கேயே சால்டர் தடங்களாகப் பதிந்திருக்கின்றன.